வரியா, அடிமையா: ஹொல்ம்லியாவில் அமெரிக்கா உடைந்த கதை

ஆபீஸ் சாஃப்ட்வேரை நிறுவிக் கொடுக்க நார்வே போன ஒருத்தன், அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்துபோனதற்குச் சுங்க வரிதான் காரணம் என்று ஒரு ஹால் நிறைய யாழ்ப்பாணத் தமிழர்கள் முன்னால் மைக் பிடித்துப் பேசுவானா? மாட்டான் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். விமானம் ஏறும்போது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஓஸ்லோவில் இறங்கியது பிப்ரவரியில். பாண்டி பஜாரில் வாங்கிய ஷூவோடு நடைபாதையில் கால் வைத்தேன். அடுத்த காட்சியில் வானம் தெரிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் சிரித்துவிட்டுத் தூக்கிவிட்டிருப்பார்கள். இங்கே சிரிப்பும் இல்லை, தூக்கலும் இல்லை. ஒரு அம்மா மட்டும் நின்று, "வாத்து மாதிரி நட, உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வாத்து மாதிரியே போய்விட்டார். அன்றிலிருந்து நானும் வாத்துதான்.

ஆபீஸில் மதியச் சாப்பாடு பதினொரு மணிக்கு. அதை மதியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றி எடுத்துவந்த ரொட்டித் துண்டைப் பிரித்து, பேசாமல் தின்றுவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறார்கள். ரொட்டி மேல் பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ். பால்கோவாவில் உப்பைப் போட்டு சோப்புக்கட்டி ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்து சீட்டுக்காரன் ஹோகன், "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டான். "ரொம்ப" என்றேன். மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறான்.

தங்கியது ஹொல்ம்லியாவில், குலசிங்கம் அங்கிள் வீட்டுக் கீழ் ரூமில். அங்கிள் ஓஸ்லோவில் டிராம் ஓட்டுகிறார். அவர் மனைவி ராணி ஆன்ட்டிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. ஒரே மகள் ஆரணி, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறாள். மூன்று பேரும் பேசுவது தமிழ், நான் பேசுவதும் தமிழ். முதல் இரண்டு நாள் மூன்று பேருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

"தம்பி, நீங்கள் இந்தியாத் தமிழ் கதைக்கேக்கை பாதி இங்கிலீஷ் கதைக்கிறியள்" என்றார் ஆன்ட்டி.

"இல்ல ஆன்ட்டி, நார்மலாத்தான் பேசுறேன்."

"பாத்தியளே."

சாப்பாட்டு விஷயத்தில் எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. புட்டு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. கறித்தூளை வறுக்கும் விதத்திலேயே அவர்கள் எங்களைத் தோற்கடித்துவிடுகிறார்கள். இதை வீட்டுக்கு போன் பண்ணும்போது அம்மாவிடம் சொல்லவில்லை.

போக்குவரத்திலும் ஒரு கூத்து. ஓஸ்லோ சென்ட்ரலில் இருந்து ஹொல்ம்லியாவுக்கு லோக்கல் ட்ரெயின். நான் வெறும் ட்ரெயினைப் பார்த்தேன், லோக்கலா என்று பார்க்கவில்லை. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பின்னால் ஓடியது. டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டேன். "ஹொல்ம்லியா போய்விட்டது" என்றார், யாரோ இறந்துபோன சேதி சொல்கிற குரலில். அடுத்து நின்ற ஊரில் இறங்கித் திரும்ப வரும் ட்ரெயினுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பள்ளிப் பையன்கள். என் இங்கிலீஷை விட ஹோகன் கற்றுக் கொடுத்த நார்வேஜியன் கொஞ்சம் உதவியது, அவர்கள் பேசியது புரிந்தது.

"நாளைக்கும் பனிதானா?"

"ஆமாம்."

"சரி."

இதுதான் உரையாடல். நான் காதால் கேட்ட நார்வே உரையாடல்களில் இதுதான் நீளமானது.

முதல் சனிக்கிழமை அங்கிள் என்னை ட்வெய்ட்டா ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார், எனக்கு நல்ல ஷூ வாங்க. அங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். புதிதாக ஒரு தமிழரும் இன்னொரு தமிழரும் சந்தித்தால் முதல் கேள்வி, "நீங்கள் ஊரிலை எவடம்?" ஊர்ப் பேரைச் சொன்னதும் இரண்டாவது கேள்வி, "அங்கை எந்தப் பக்கம்?" கோயிலடியா, சந்தையடியா, எந்த ஒழுங்கை, அதாவது எந்தச் சந்து, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். பதில் வந்ததும் கேட்டவர் முகத்தில் ஒன்று நடக்கும். சில பேருக்கு முகம் விரியும். சில பேருக்கு, "ஆ, சரி சரி" என்று வாட்சைப் பார்க்கத் தோன்றும்.

என்னிடமும் கேட்டார்கள்.

"திருச்சி" என்றேன்.

"ஓ. இந்தியா" என்றார்கள். இரண்டாவது கேள்வி வரவே இல்லை. அவர்களிடம் இருக்கிற வரைபடத்தில் திருச்சி இல்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

ஷூக்கடை வாசலில் அங்கிளை ஒருவர் பிடித்துக்கொண்டார். தமிழ்ச் சங்கச் செயலாளர், பேர் நாதன். கையில் வாழைப்பூவும் முகத்தில் பெரிய கவலையும்.

"குலம் அண்ணை, உங்கடை அணியிலை மூண்டாவது பேச்சாளருக்கு சிறுநீரகத்திலை கல்லாம். ஆஸ்பத்திரியிலை நிக்கிறார்."

"கல்லோ? வாற ஞாயிறு பட்டிமன்றமெல்லே."

"அதைத்தானே நானும் சொல்லுறன். கல்லுக்கு அது தெரியாது."

விஷயம் இதுதான். சங்கத்தின் ஆண்டு விழாவில் வருஷா வருஷம் பட்டிமன்றம். நல்ல கணவனா நல்ல மனைவியா எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. போன வருஷம் யாரோ தைரியமாக ஊர் அரசியலைத் தலைப்பாக வைக்க, நடுவர் தீர்ப்புச் சொல்வதற்குள் நாற்காலி பறந்திருக்கிறது. இலங்கையில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடக்கிற நேரம், அதுவும் நடுவில் நின்று பேச வைப்பதே நார்வே. அந்த நார்வேயில் தமிழன் நாற்காலியால் அடித்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும் என்று கமிட்டி கூடியது. கூடி எடுத்த முடிவை நாதன் எனக்கு விளக்கினார்.

"ஹோலிலை இருக்கிற ஒருத்தருக்கும் சொந்தக்காரர் இல்லாத சண்டையா ஒண்டு வேணும் எண்டு தேடினனாங்கள். அமெரிக்காவிலை தெற்கு மாநிலங்கள் பிரிஞ்சு போச்சுதெல்லே, அதுதான் தலைப்பு. பிரிஞ்சதுக்குக் காரணம் வரியோ, அடிமை முறையோ?"

"அங்கிள் எந்தப் பக்கம்?"

"சீட்டுக் குலுக்கினது. இவர் வரி. இவரின்ரை மகள் அடிமை முறை."

காலேஜில் டிபேட் கோப்பை வாங்கினவன் நான். அதோடு இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யவேண்டிய நேரத்தை எல்லாம் ஒரு இன்டர்நெட் ஃபோரத்தில் இதே விஷயத்துக்காக அமெரிக்கர்களோடு சண்டை போட்டுக் கழித்தவன். நான் எடுத்த கட்சி வரிதான். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, அதைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் நன்றாக வரும்.

"கவலையே வேண்டாம் சார். நான் பேசுறேன். எதிரணியைக் கிழிச்சிடலாம்" என்றேன்.

நாதன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நோட்டீசிலை இந்தியாவிலிருந்து வருகை தரும் பேச்சாளர் எண்டு போடட்டே?"

"நான் வந்தது சாஃப்ட்வேர் வேலைக்கு."

"வந்தனீங்கள்தானே."

திங்கள் சாயங்காலத்திலிருந்து சாப்பாட்டு மேசையில் பயிற்சி. அங்கிள் டிராம் டிப்போவிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்காருவார். வரி அணி ஒரு பக்கம், அதாவது அவரும் நானும். எதிர்ப் பக்கம் ஆரணி, பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே. ஆன்ட்டி நடுவில் இடியப்பம்.

அங்கிள் ஆரம்பிப்பார். தெற்கில் பருத்தி, வடக்கில் ஃபாக்டரி. தெற்குக்காரன் பருத்தியை வெளிநாட்டுக்கு விற்று அங்கிருந்து சாமான் வாங்குகிறான். வடக்குக்காரன் தன் ஃபாக்டரியைக் காப்பாற்ற அந்தச் சாமான் மேல் வரி போடுகிறான். தெற்குக்காரன் வயிறு எரிகிறது, பிரிந்து போகிறான்.

"வடிவாச் சொன்னீங்கள் அப்பா. ஆனா அவை பிரிஞ்ச நேரம் வரி குறைஞ்சுதான் கிடந்தது. தெற்கு ஆக்களும் சேர்ந்து வோட்டுப் போட்டுக் குறைச்சது. பெரிய வரி வந்தது அவை வெளிக்கிட்ட பிறகு" என்பாள் ஆரணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பாய்வேன். "கடைசி நேரத்துல வடக்குக்காரங்க, அடிமை முறையைத் தொடவே மாட்டோம்னு சட்டமே போட ரெடியா இருந்தாங்க. அப்பவும் போனாங்க. அப்ப காரணம் அடிமை இல்லையே?"

"இருக்கிற இடத்திலை தொடமாட்டம் எண்டவை. புது மாநிலங்களுக்குக் கொண்டுபோக விடமாட்டம் எண்டவை. அவைக்கு அதுதான் பிரச்சினை. கார்த்தி, பிரிஞ்சு போகேக்கை ஏன் போறம் எண்டு சில மாநிலங்கள் தாங்களே எழுதி வச்சவை. வாசிச்சனீங்களோ?"

வாசித்திருந்தேன். ஃபோரத்தில் அதை யாராவது போட்டால் நான் வழக்கமாக வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

"அதுல வரியும் வருதே" என்றேன்.

"ஓம், அங்கை இஞ்சை கிடக்கு. தொடக்கத்திலையும் நடுவிலையும் முடிவிலையும் கிடக்கிறது என்ன?"

அங்கிள் சிரித்தார். மகள் தன்னை மடக்குவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. "என்ரை பிள்ளையெல்லே" என்று என்னிடம் சொன்னார், எதிரணித் தலைவியைப் பற்றி. டிராம் ஓட்டும்போதும் மனசுக்குள் பேசிப் பார்ப்பாராம். ஒரு நாள் ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறக்க மறந்து, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்களாம். நார்வேக்காரர்கள் சேர்ந்து கத்தினார்கள் என்றால் விஷயம் பெரிதுதான்.

புதன்கிழமை காலை ஆரணியும் நானும் ஒரே ட்ரெயினில் போனோம். இந்த முறை லோக்கல். ஜன்னலுக்கு வெளியே கடல் பாதி உறைந்து கிடந்தது. அவள் போனில் யாரோடோ நார்வேஜியன் பாதி தமிழ் பாதி பேசி முடித்துவிட்டு, கேட்காமலே சொன்னாள்.

"ஜெயந்தன். நான் கட்டப்போறவர். அப்பா ஓம் எண்டால்."

"இல்லைன்னா?"

"அப்பா இல்லையெண்டு சொல்லேல்லையே. அதுதானே பிரச்சினை."

ஜெயந்தன் எலெக்ட்ரீஷியன், பேர்கனில் வேலை பார்த்தவன். முதல் தடவை பேச்சு வந்தபோது அங்கிள் சொன்ன காரணம் சிகரெட். நல்ல பொடியன்தான், ஆனால் சிகரெட் பத்துகிறான். ஜெயந்தன் சிகரெட்டை விட்டான். அடுத்த காரணம் தூரம். ஒரே பிள்ளையைப் பேர்கனுக்கு அனுப்ப ஏலாது. ஜெயந்தன் வேலையை விட்டுவிட்டு ஓஸ்லோவுக்கே வந்து, ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடி வீடு ஒன்று எடுத்துக்கொண்டான். பிறகு படிப்புக் காணாது, போதாது என்றார். சாயங்கால வகுப்புக்குப் போய் மேல் தரத்துச் சான்றிதழ் வாங்கினான். பிறகு சாதகம். சாதகம் பார்த்தவர் நன்றாகப் பொருந்துகிறது என்றார், அது அங்கிளுக்கே ஏமாற்றம்.

"இப்ப என்ன காரணம்?"

"பொடியன் கொஞ்சம் கட்டையாம்."

"கட்டைன்னா?"

"உயரம் காணாது. இதுக்கு அவர் என்ன செய்யிறது கார்த்தி? சிகரெட்டை விடலாம். வளரேலுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. நான் கோச் மாதிரிக் கேட்டேன். "சரி, நெஜமான காரணம் என்ன?"

"முதல் நாள் அம்மா அவரிட்டை ஊரைக் கேட்டவா. சொன்னவர். அங்கை எந்தப் பக்கம் எண்டு கேட்டவா. அதையும் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் அப்பாவுக்கு சிகரெட் கண்ணிலை பட்டது."

"ஜாதியா?"

ட்ரெயினில் எங்களைத் தவிர தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "எங்கடை வீட்டிலை அந்தச் சொல்லே இல்லை" என்றாள்.

எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைத் திறந்தால் மணமகன் தேவை விளம்பரத்தில் முதல் சொல்லே அதுதான். படிப்பு, நிறம், சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு. நாங்கள் வெளிப்படையானவர்கள். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, தகவலுக்காகச் சொன்னேன்.

"பேசாமல் போய் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாமே. நார்வேதானே."

"செய்யலாம். அவர் அதுக்கும் ரெடி. நான்தான் மாட்டன் எண்டுறன். அப்பா இல்லாமல் எனக்குக் கலியாணம் வேண்டாம்." போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள். "ஜெயந்தன் இந்த மாதம் கடைசி எண்டிட்டார். அவருக்கும் அலுத்துப் போச்சு. ஒவ்வொரு தரமும் சோதினை பாஸ் பண்ணுறார், பிறகு புதுச் சோதினை. நானெண்டால் எப்பவோ போயிருப்பன்."

ஓஸ்லோ சென்ட்ரல் வந்தது. இறங்கினோம். எதிரணித் தலைவியிடம் இவ்வளவு பேசியது தர்மமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு பழுப்புச் சீஸ் ஞாபகம் வந்தது, யோசனை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை. ஹொல்ம்லியாவிலேயே ஒரு பள்ளிக்கூட ஹால். வாசலில் ஒரு மலை உயரத்துக்குப் பனி ஷூக்கள், உள்ளே பட்டுச் சேலைகள். ரோல்ஸ், கட்லெட், பால் தேத்தண்ணி. விளக்கேற்றலுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவில் பன்னிரண்டு நடனங்கள் நடந்தன என்று நினைக்கிறேன், எண்ணுவதை இடையில் விட்டுவிட்டேன். நடுவர் ஒரு பல் வைத்தியர். மேடையேறி, "வாயைத் திறக்க வைக்கிறது என்ரை தொழில், மூட வைக்கிறதுதான் இண்டைக்கு வேலை" என்றார். ஹால் சிரித்தது. வருஷா வருஷம் இதையே சொல்வாராம், வருஷா வருஷம் சிரிப்பார்களாம்.

பட்டிமன்றம் என்றால் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர். முடிவில் நடுவர் இரண்டு கட்சிக்கும் வலிக்காமல், இதுவும் சரி அதுவும் சரி ஆனால், என்று முடிப்பார். ஓஸ்லோவில் மட்டும் கூடுதலாக ஒரு விதி. நாற்காலி பறந்த பிறகு வந்த விதி. எதிரணியை இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது, பதிலாக ஒவ்வொரு அணியும் எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். தலைவர் கட்டாயம் பதில் சொல்லவேண்டும்.

அங்கிள் பிரமாதமாகப் பேசினார். பருத்தி, ஃபாக்டரி, வரி. தெற்குக்காரன் வயிற்றெரிச்சலை அவர் சொன்னபோது முன்வரிசை அம்மாக்கள் உச்சுக் கொட்டினார்கள். தங்களுக்காக ஒரு நாள் ஓஸ்லோவில் உச்சுக் கொட்டுவார்கள் என்று தெரியாமலே அந்த அமெரிக்கத் தெற்குப் பண்ணையார்கள் செத்துப்போயிருந்தார்கள்.

பிறகு ஆரணி எழுந்தாள். குறிப்புத் தாள் இல்லை. பிரிந்துபோன மாநிலங்கள் தாங்களே எழுதிவைத்த காரணம் என்ன என்று நிதானமாகச் சொன்னாள். சண்டையில் தோற்ற பிறகு அதே ஆட்கள் புத்தகம் எழுதி, உரிமைக்காகப் போனோம், வரிக்காகப் போனோம் என்று மாற்றிக்கொண்டதைச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்.

"இஞ்சை இருக்கிற எங்கள் எல்லாருக்கும் பிரிஞ்சு போறது எண்டால் பிடிக்கும். ஏன் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதுக்காகப் பிரிஞ்சு போன எல்லாரும் நல்லவை எண்டு இல்லை. என்னத்துக்காகப் போனவை எண்டு பாக்கவேணும்."

ஹாலில் தேத்தண்ணிக் கப் வைக்கிற சத்தம்கூட நின்றது. நாதன் பக்கவாட்டில் நின்றபடி நாற்காலிகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"என்ரை கேள்வி எதிரணித் தலைவரிட்டை" என்றாள் ஆரணி. அப்பா என்று சொல்லவில்லை. "வடக்கு ஆக்கள் வந்து இப்படிக் கேட்டிருந்தால்: சரி, வரியை விடுறம். ஒரு சதமும் வேண்டாம். நீங்கள் சொல்லுற மற்றக் குறையளையும் ஒவ்வொண்டாத் தீர்த்துத் தாறம். அந்த அடிமை ஆக்களையும் உங்களை மாதிரி மனிசரா மட்டும் பாருங்கோ. அப்பிடிக் கேட்டிருந்தால் தெற்கு இருந்திருக்குமோ?"

அங்கிள் மைக்கை வாங்கினார். பதில் ரொம்பச் சுலபம். இருந்திருக்கும், வரிதானே பிரச்சினை, நன்றி வணக்கம். இதை நாங்கள் வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம், இந்த மாதிரி கேள்வி வரும் என்று நான்தான் சொன்னேன். நான் அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து, "இருந்திருக்கும் அங்கிள், இருந்திருக்கும்" என்று முணுமுணுத்தேன்.

அவர் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிராமை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, ஓடிவருகிற ஆளுக்காகக் கதவை மூடாமல் காத்திருப்பது போல. நடுவர் தொண்டையைச் செருமினார்.

"இருந்திருக்க மாட்டினம்" என்றார் அங்கிள்.

"வரி முழுக்க எடுத்தாலுமோ?" ஒரே கேள்வி என்ற விதியை மறந்து ஆரணி கேட்டாள்.

"ஓம். எடுத்தாலும் போயிருப்பினம்." மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "வேறை ஒண்டு சொல்லியிருப்பினம்."

ஹால் குலுங்கியது. ஏதோ பெரிய பகடி என்று நினைத்து அப்படி ஒரு கைதட்டல். "குலம் அண்ணை தன்ரை கோலுக்குள்ளையே பந்தை அடிச்சிட்டார்" என்று பின்னாலிருந்து யாரோ. நான்காவது வரிசையில் ராணி ஆன்ட்டி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரணி நன்றி சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிப் பேச்சாளர் நான். தலைவரே ஒத்துக்கொண்ட வழக்கைக் காப்பாற்ற வேண்டிய வக்கீல். மேடைக்கு நடக்கும்போது நாதன் காதில் சொன்னார், "தம்பி, பிரிஞ்சு போற உரிமை எண்டு ஒரு சொல் போடுங்கோ. ஹோல் இடிஞ்சு விழும்."

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பிரிந்துபோனவர்கள் எழுதிய புது அரசியல் சட்டத்தில், உள்ளூர் தொழிலைக் காப்பாற்றுவதற்காக வரி போடக் கூடாது என்று இருக்கிறது, அதைச் சொன்னேன். உண்மைதான் அது. அதே சட்டத்தில் அடிமை முறைக்கும் காவல் போட்டிருக்கிறது, அதைச் சொல்லவில்லை. யாரும் அசையவில்லை. ஆகவே நாதன் கொடுத்ததை எடுத்துவிட்டேன். ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பிரிந்து போகும் உரிமை உண்டா இல்லையா என்று குரலை உயர்த்திக் கேட்டேன். ஹால் நிஜமாகவே இடிகிற மாதிரி தட்டியது. அந்த வாக்கியத்துக்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை. நான் யாரோ பண்ணையார்களுக்காகக் கேட்டேன், அவர்கள் தங்கள் போரில் செத்தவர்களுக்காகத் தட்டினார்கள். திருச்சியில் வாங்கின எந்தக் கோப்பைக்கும் இப்படித் தட்டல் விழுந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். அங்கிள் தட்டவில்லை, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல் வைத்தியர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். எப்போதும் போல இதுவும் சரி என்று தொடங்கி, அங்கிளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "நோயாளியே பல்லைக் கழட்டிக் கையிலை தந்த பிறகு நான் என்னத்தைப் புடுங்கிறது? அடிமை முறைதான் காரணம்." எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்தியவர், "இந்தியாத் தம்பி, வென்றது நீங்கள்தான்" என்று காதில் சொன்னார்.

திரும்பும்போது காரில் நான்கு பேர். அங்கிள் ஓட்டினார், ஆன்ட்டி முன்னால், பொன்னாடைகளோடு ஆரணியும் நானும் பின்னால். ஐந்து நிமிஷத் தூரம்தான், ஆனால் அங்கிள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி நேராக ஓட்டிக்கொண்டே இருந்தார். பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது. அதில் நுழைந்து, பெட்ரோல் போடாமல் வெளியே வந்து, வந்த வழியே திரும்பினார்.

"அவன்ரை தகப்பன் ஊரிலை..." என்று ஆரம்பித்தார்.

சிக்னல் சிவப்பிலிருந்து பச்சையானது. அங்கிள் வாக்கியத்தை முடிக்காமல் கியரைப் போட்டார். அதற்குப் பிறகு வீடு வரை ஜெயந்தனின் தகப்பனைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

காரை நிறுத்தியதும் ஆன்ட்டி இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார். "பிள்ளை, நாளைக்கு அவரை இரவுச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லு."

"அம்மா?"

"நான்தானே முதல் கேட்டனான், எந்தப் பக்கம் எண்டு. நானே கூப்பிடுறன். வரச் சொல்லு."

அங்கிள் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

இன்று திங்கள். காலையில் அவர் டிராம் ஓட்டப் போனார், நான் என் சாஃப்ட்வேருக்குப் போனேன். ஹோகன், விடுமுறை எப்படிப் போனது என்று கேட்டான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றுவிட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ரொம்ப நாள் முன்னால் அல்லவா" என்றான். சீஸ் கொடுத்தான்.

சாயங்காலம் வந்தபோது வீடு முழுக்கக் கறி வாசம். ஆன்ட்டி கணவாய், றால், கோழி என்று கடலையும் தரையையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றியிருந்தார். அங்கிள் வேலையிலிருந்து வந்ததும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆரணி இரண்டு தடவை கதவு வரை போய்த் தட்டாமல் திரும்பினாள். "வராட்டி என்ன செய்யிறது அம்மா?" என்று கேட்டாள். "சாப்பாட்டைப் போடுறது" என்றார் ஆன்ட்டி.

ஆறரைக்கு மணி அடித்தது. ஜெயந்தன். உண்மையாகவே கொஞ்சம் கட்டைதான், அங்கிள் அதில் பொய் சொல்லவில்லை. கையில் பூங்கொத்து, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டான். ஹாலில் சோஃபா நுனியில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்க வசதியாக, அதாவது வணக்கம் சொல்லவும் வெளியே போகவும் வசதியாக. ஆரணி அவன் எதிரில் நிற்கிறாள், உட்காரவில்லை. ஆன்ட்டி தட்டுகளை எடுத்து வைக்கிறார், நான் சமையலறை மூலையில் லேப்டாப்பில் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். அங்கிள் ரூம் கதவு இப்போது திறந்தது. லுங்கியை மாற்றி, விருந்தாளி வந்தால் உடுத்துகிற பேன்டும் தேய்த்த சட்டையும் போட்டிருக்கிறார்.